மயில்துத்தமா, தூர்வாருதலா, கால்வாயா? எங்கள் ஏரியின் பச்சைக்கு எது மருந்து

போன சனிக்கிழமை, வெயில் ஏறுமுன், கையுறை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் படியில் இறங்கி, ஒரு பழைய பாட்டிலில் ஏரி நீரை முக்கால் அளவுக்கு முகந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனி மூலையில் அசையாமல் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், மருதாணி கரைத்ததுபோல் முழுக்கப் பச்சையாக இருந்த நீர் கீழே ஏறக்குறையத் தெளிந்துவிட்டிருந்தது. பச்சை முழுவதும் மேலேறி, ஒரு விரல் கனத்துக்கு ஆடை கட்டி நின்றது. பாட்டிலை மெல்லச் சாய்த்தேன். ஆடை பெயிண்ட்போல வழிந்து, நீர்விளிம்பில் நீலம் கலந்த ஒரு கோட்டை விட்டுச் சென்றது.

சாதாரணப் பச்சைப்பாசி பெரும்பாலும் அடியில் படியும், அல்லது நீரெங்கும் பரவி நிற்கும். இப்படி மேலே மிதந்து சேர்வது நீலப்பச்சைப்பாசியின் குணம். அதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. வெளிச்சம் வேண்டியபோது மேலே வரும், போதுமென்றால் கீழே இறங்கும். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் செலவில்லாமல் யாரும் செய்து பார்க்கலாம்.

எங்கள் ஏரி பெங்களூரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரப்பு 20 ஏக்கர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர், நான்கு மிதிபடகுகள், சுற்றிலும் நடைபாதை. ஏரிக் குழுவில் கன்னடக் குடும்பங்கள்தான் அதிகம்; அல்சூரிலிருந்து வீடு மாறி வந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் சில உண்டு. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து குழுவுக்கு ஒரு தொகை வந்திருக்கிறது. அது ஒரு பெரிய வேலைக்குத்தான் போதும். அடுத்த மாதக் கூட்டத்தில், பாசியைப் போக்க வந்த ஏழெட்டு யோசனைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கட்டடத்துப் பாட்டி ஒருவர், "நீ படித்துப் பார்த்துச் சொல் அம்மா, எதற்குக் கை தூக்குவது?" என்று கேட்டார். அவருக்காகவும், இதே கேள்வி இருக்கும் மற்ற ஏரிக்கரைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பயப்பட வேண்டியது எதற்கு

நீலப்பச்சைப்பாசி என்றாலே விஷம் என்று சொல்லிவிட முடியாது. பூமியின் காற்றில் ஆக்சிஜனை முதன்முதலில் நிரப்பியது இந்த வகை உயிர்தான். நெல் வயலில் அசோலா என்ற நீர்ச்செடிக்குள் குடியிருந்து பயிருக்கு நைட்ரஜன் கொடுப்பதும், மாத்திரையாக விற்கும் சுருள்பாசியும் (ஸ்பைருலினா) இதே குலம். பாசியென்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இது பாக்டீரியா.

நம் ஏரிகளில் கோடையில் ஆடை கட்டுவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வகை. அதன் பல இனங்கள் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. அது கல்லீரலைத் தாக்கும். நீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் நீண்டகாலத்துக்கு ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், நீச்சல், படகு போன்ற பொழுதுபோக்கு நீர்நிலைகளில் 24 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. ஆடை கட்டிய ஓரத்தில் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். காற்று பாசியை ஒரு பக்கமாக ஒதுக்குவதால், ஏரி நடுவில் சுமாராக இருக்கும் நாளிலும் கரையோரத்தில் செறிவு பல மடங்கு இருக்கும். குழந்தைகள் கையைவிட்டு அளைவதும், நாய்கள் இறங்கிக் குடிப்பதும் அந்தக் கரையோரத்தில்தான். நாய் கரையேறிய பிறகும் உடம்பை நக்கி நக்கி நச்சை உள்ளே அனுப்பிக்கொள்கிறது. அதனால்தான் முதலில் சாவது நாயாக இருக்கிறது.

ஆகவே எந்த யோசனை வென்றாலும், அதற்குக் காத்திராமல் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆடை கண்ணுக்குத் தெரியும் நாளில் படகு விடக்கூடாது. கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் பலகை வைக்க வேண்டும். பிடித்த மீனின் குடலையும் ஈரலையும் உண்ணக்கூடாது என்பதையும் அதில் எழுத வேண்டும். இதற்கு வாக்கெடுப்பு எதற்கு?

ஒரு கணக்கு

யோசனைகளை எடைபோடுமுன் ஒரு சிறு கணக்கைச் செய்தேன். அதைச் செய்த பிறகு என் மனம் மாறிவிட்டது. அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

20 ஏக்கர் என்றால் ஏறக்குறைய 80,000 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு 12 கோடி லிட்டர் நீர். பாசிக்குச் சோறு பாஸ்பரஸ். ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராம் இருந்தாலே ஏரி பாசி பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அப்படியானால் மொத்த ஏரிக்கும் 6 கிலோ பாஸ்பரஸ் போதும். ஆறே கிலோ!

ஒரு மனிதரின் உடற்கழிவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. சோப்புத்தூள் கணக்கு தனி. மேற்கே, ஏரிக்கு நீர் கொண்டுவரும் ராஜகால்வாயை (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஒட்டிய சந்துகளில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகள் 200 இருக்கும் என்பது எங்கள் குழுவின் மதிப்பு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 800 பேர். நாளொன்றுக்கு 1.2 கிலோ. ஏரியைக் கெடுக்கத் தேவையான 6 கிலோ ஐந்தே நாளில் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு 440 கிலோ.

இது உண்மைதானா என்று சந்தேகப்படுபவர்கள் ஏப்ரலில் கால்வாய்ப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். நான் போனபோது மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. மழைநீருக்காகக் கட்டிய கால்வாயில் கணுக்கால் அளவு நீர், சாம்பல் நிறத்தில், நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பி.வி.சி. குழாயின் வாயில் சோற்றுப் பருக்கைகளும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவந்த காவிரி நீர். ஒரு வீட்டுக்குள் போய் வந்ததும் இப்படி ஆகிவிடுகிறது.

நீரில் போடும் மருந்துகள்

முதல் யோசனை மயில்துத்தம், அதாவது நீலப்பொடியாக விற்கும் செப்பு சல்பேட். சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகத் தோட்டத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம். மலிவு, இரண்டு மூன்று நாளில் பச்சை மறைந்துவிடும். இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். நச்சு பாசியின் உடலுக்குள் இருக்கிறது. பாசியை ஒரேயடியாகக் கொன்றால் அது வெடித்து நச்சு மொத்தமும் நீரில் கரைகிறது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி படர்ந்ததென்று மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 140-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரல் வீங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போனார்கள். காரணம் ஒரு நீலப்பச்சைப்பாசியின் நச்சு என்பது பிறகுதான் தெரிந்தது. நம் ஏரியில் யாரும் குடிப்பதில்லைதான். ஆனால் செம்பு எங்கும் போகாது, வண்டலில் தங்கும். செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து நீலப்பொடி கரைத்துவிட்டுப் போனார். நீர் தெளிந்ததைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். அந்த வாரக் கடைசியில் விடியற்காலை, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் வருவதற்குள் கரையெங்கும் வெள்ளை வயிறுகள். படகோட்டும் தம்பி கோணிப்பையில் அள்ளினார். நாற்றம் போக ஒரு வாரமாயிற்று. மூன்றாம் வாரம் பச்சை திரும்ப வந்துவிட்டது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இதைவிடப் பண்பானது. ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற சிறு அளவில் நீலப்பச்சைப்பாசியை மட்டும் பெரும்பாலும் கொல்லும், பிறகு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். 2009-இல் நெதர்லாந்தில் ஒரு முழு ஏரியிலேயே செய்து காட்டினார்கள். ஆனால் சாக்கடை கலந்த கலங்கல் நீரில் அந்த மருந்தைக் கழிவே குடித்துவிடும். பாஸ்பரஸ் அப்படியே இருப்பதால் பாசி மறுபடி முளைக்கும். தெளிந்த ஏரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை அவசர வைத்தியமாக ஏற்கலாம், எங்களுக்கு இப்போது ஆகாது.

அடுத்தது பாஸ்பரஸைக் கட்டிப்போடும் பொருட்கள். ஒன்று படிகாரம். கலங்கிய நீரில் படிகாரத்தைச் சுற்றித் தெளியவைக்கும் நம் வீட்டு வழக்கத்தின் பெரிய வடிவம்தான். ஆனால் பாசி மண்டிய ஏரியில் நண்பகலில் நீரின் காரத்தன்மை ஏறி பி.எச். 9-ஐத் தாண்டும், அந்த நிலையில் படிகாரம் கட்டிய கட்டு இளகிவிடும். மற்றொன்று லாந்தனம் என்ற உலோகம் ஏற்றிய களிமண், ஆஸ்திரேலியாவில் உருவானது. நன்றாகவே வேலை செய்கிறது. 1 கிலோ பாஸ்பரஸைக் கட்ட ஏறத்தாழ 100 கிலோ களிமண் வேண்டும். ஆண்டுக்கு 440 கிலோ வரும் ஏரியில் ஆண்டுதோறும் 44 டன் கொட்ட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு வீட்டுத் தரையைத் துடைக்கிற வேலை.

நுண்ணுயிர்க் கலவை சேர்த்த மண் உருண்டைகளை இந்த ஊரில் பல ஏரிகளில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வீசுகிறார்கள். பிள்ளைகளின் ஆர்வம் மனதைத் தொடுகிறது. ஆனால் அது பாசியைக் குறைக்கிறது என்பதற்குத் திடமான சான்று இல்லை. சோதித்துப் பார்த்த ஆய்வுகள் எதிர்மாறாகத்தான் சொல்கின்றன.

நீரில் மிதப்பவை, சுழல்பவை

காற்றூட்டும் கருவியும் நீரூற்றும் பார்க்க அழகு. நன்கொடையாளரின் பெயர்ப்பலகைக்கும் நல்ல இடம். ஆம்ஸ்டர்டாமில் 30 மீட்டர் ஆழமுள்ள நியூவே மேர் ஏரியில் அடியிலிருந்து காற்றுக்குமிழிகளை விட்டு நீரைக் கலக்கி, மைக்ரோசிஸ்டிஸை அடக்கினார்கள். பாசி மேலேறும் வேகத்தைவிட வேகமாக அதை இருட்டுக்குள் இழுத்துச் செல்வதுதான் அங்கே உத்தி. ஒன்றரை மீட்டர் ஏரியில் இருட்டு எங்கே இருக்கிறது? கலக்கினால் அடி வண்டல்தான் கிளம்பும். மீன் சாவைத் தடுக்க விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஓட்ட ஒரு சிறு கருவி இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. நீரூற்று வேண்டவே வேண்டாம். பாசி நீரைத் துளித்துளியாகக் காற்றில் தெளித்து நடைபாதையில் நடப்பவர்களைச் சுவாசிக்கவைக்கும்.

மிதக்கும் தோட்டங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. கல்வாழையும் வெட்டிவேரும் நீரில் வேர்விட்டு நிற்பதும், முக்குளிப்பான் அதன்கீழ் ஒதுங்குவதும் கண்கொள்ளாக் காட்சி. அதனாலேயே இந்தக் கணக்கைச் செய்ய மனம் வரவில்லை, பிறகு செய்தேன். ஒரு சதுர மீட்டர் செடியை வெட்டி வெளியேற்றினால் ஆண்டுக்கு 10 கிராம் பாஸ்பரஸ் போகும் என்று வைத்துக்கொள்வோம். 440 கிலோவுக்கு 44,000 சதுர மீட்டர் வேண்டும், அதாவது 11 ஏக்கர். ஏரியில் பாதிக்கு மேல் தோட்டமாகிவிடும். வெட்டாமல் விட்டாலோ, செடி காய்ந்து அழுகி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். பறவைகளுக்காக நான்கைந்து வைக்கலாம். பாசிக்கு மருந்தென்று சொல்லி வைக்கக்கூடாது.

இரண்டு ஏரிகளின் கதை

கடைசியில் மிஞ்சுவது இரண்டு: தூர்வாருவது, கால்வாயைச் சீர்செய்வது. குழுவில் உண்மையான சண்டை இவை இரண்டுக்கும் இடையில்தான்.

பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சிறு ஏரியின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சையானது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த ஒரே புகைப்படம் பலரின் வாதத்தை முடித்துவைத்தது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியும் நம் ஏரிகளைப்போல் சாக்கடை கலந்து நீலப்பச்சைப்பாசி மண்டிக் கிடந்தது. 1963 முதல் 1968 வரை சாக்கடையைப் படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் வேறெதையும் போடவில்லை. சில ஆண்டுகளில் தெளிந்துவிட்டது. சுவீடனின் ட்ரம்மன் ஏரியில் 1950-களின் இறுதியிலேயே சாக்கடையை நிறுத்தியும் பத்தாண்டுக்கு மேல் பச்சை போகவில்லை. 1970, 1971-இல் மேல்படிந்த வண்டலை ஏறத்தாழ ஒரு மீட்டர் உறிஞ்சி எடுத்த பிறகுதான் பாசி விட்டது.

வாஷிங்டன் ஏரி 60 மீட்டருக்கு மேல் ஆழம், ட்ரம்மன் இரண்டு மீட்டர் அளவுதான். ஆழமான ஏரியில் பாஸ்பரஸ் அடியில் போய்ப் புதைந்துவிடுகிறது. ஆழமில்லாத ஏரியில் வெயிலும் காற்றும் மீனும் கிளறக் கிளற அது திரும்பத் திரும்ப மேலே வருகிறது. எங்கள் ஏரி ட்ரம்மனின் தங்கை. ஆகவே கால்வாயை மட்டும் சரிசெய்தால் அடுத்த கோடையிலேயே தெளிந்துவிடும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வண்டலையும் ஒருநாள் எடுத்தாக வேண்டும்.

அப்படியானால் முதலில் தூர்வாரலாமே என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வேலை. பொக்லைன் இறங்கினால் ஊரே வந்து பார்க்கும். ஆனால் ட்ரம்மனில் சாக்கடை நின்ற பிறகுதான் வண்டலை எடுத்தார்கள். வரிசை மாறினால், புதிதாகத் தோண்டிய ஏரியில் ஆறாம் நாளிலிருந்து பழைய கதை. பெங்களூரில் தூர்வாரும் முறையிலும் எனக்கு வருத்தம் உண்டு. கிண்ணம்போல் ஒரே ஆழமாகச் செதுக்கிவிடுகிறார்கள். கோரையும் சம்பும் வளரும் ஓரத் தாழ்நீர் போய்விடுகிறது, நீலத் தாழைக்கோழிக்குக் கூடுகட்ட இடமில்லை. எடுத்த மண்ணைக் கொட்டுவதும் தலைவலி. எங்கள் தாத்தா காலத்தில் கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை மாட்டுவண்டியில் அள்ளிக் கழனிக்கு அடித்தார்கள். நகர ஏரியின் வண்டலில் உலோகக் கழிவு இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் ஒரு கூடைகூட எந்த வயலுக்கும் போகக்கூடாது.

என் கை எதற்கு உயரும்

கால்வாய்க்கு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த 200 வீடுகளுக்கு. பல சந்துகளில் பாதாளச் சாக்கடைக் குழாய் தெருவரை வந்துவிட்டது. வீட்டிலிருந்து அதுவரை இணைக்கும் செலவுதான் அவர்களால் முடியவில்லை. ஏரிக்கு வந்த பணத்தை ஏரிக்கரையில் செலவழிக்காமல் மேட்டுச் சந்தில் கொண்டுபோய்ச் செலவழிக்கச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. நன்கொடை கொடுத்தவர்கள் வந்தால் காட்டுவதற்கு அங்கே மூடிய குழிகள் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் இத்தனை யோசனைகளில் 440 என்ற எண்ணைத் தொடுவது இது ஒன்றுதான். மிஞ்சும் பணத்தில் ஏரி வாயிலில் ஒரு வண்டல் தொட்டியும், அதையடுத்துச் சம்பு நட்ட சிறு சதுப்பும் வைக்கலாம். முதல் மழை அடித்துவரும் குப்பையும் சேறும் அங்கேயே நின்றுவிடும்.

இதில் ஒரு விலை உண்டு, மறைக்க விரும்பவில்லை. சாக்கடையை நிறுத்தினால் கோடையில் ஏரிக்கு வேறு நீர் கிடையாது. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நீர் இறங்கும். சில ஆண்டு படகே ஓடாது. படகை நம்பிப் பிழைக்கும் தம்பிக்கு அந்த மாதங்களில் கரைப் பராமரிப்பு வேலை தருவதாகக் குழு எழுத்தில் கொடுக்க வேண்டும். சுத்திகரித்த நீரை விடலாம் என்பவர்கள் பெங்களூரின் ஜக்கூர் ஏரியைக் காட்டுகிறார்கள். அங்கே தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையத்து நீர், ஒரு சதுப்பைக் கடந்து ஏரிக்குள் போனது. நல்ல முன்மாதிரிதான். ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பு பாஸ்பரஸின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. பாஸ்பரஸை எடுக்கும் கட்டம் சேர்ந்தால் ஏற்கலாம், இல்லாவிட்டால் வற்றட்டும். வற்றிக் காய்வது ஏரிக்கு நோயில்லை. கோடையில் வற்றாத ஏரிதான் இந்த மண்ணுக்குப் புதிது.

எனக்கு இதில் சொந்தக் கவலையும் ஒன்று இருக்கிறது. எங்கள் ஏரி நிரம்பி வழிந்தால் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூரில் கெலவரப்பள்ளி அணையில் மலைமலையாக நுரை ஒதுங்குவதை அங்கே இருக்கும் என் சித்தி படமெடுத்துத் தொலைபேசியில் அனுப்பிவைப்பார். நாங்கள் கரைக்கும் பொடியும் அங்கேதான் போய்ச் சேரும்.

கூட்டத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 200 என்பது மதிப்புத்தான். குழாய்களை எண்ண வேண்டும். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் மோரிப் பாலத்திலிருந்து கால்வாயோரம் மேற்கே நடக்கப்போகிறோம். டார்ச், நோட்டு, நீளக் கம்பு, முட்டிவரை பூட்ஸ். படகோட்டும் தம்பியும் வருகிறார். எந்தச் சந்தில் எந்தக் குழாய் எத்தனை மணிக்கு நுரை கக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.